இரும்புக்கு ஒரு குடம்

போன மாதம் சுகன்யா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே தண்டவாளச் சோதனைப் பிரிவில் இப்போது பொறியாளராக இருக்கிற பெண். வந்த காலோடு புது இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். தண்டவாளத்தில் ஓர் இடத்தில் அதை இறுக்கிப் பிடித்துவிட்டால் போதுமாம். காதுக்குக் கேட்காத அலை தண்டவாளத்தையே வழியாக வைத்துக்கொண்டு நீளத்துக்கு ஓடுமாம். எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே முட்டித் திரும்பி வந்து சொல்லிவிடுமாம்.

"அதவிட ஒண்ணு சார், இதுக்குத் தண்ணியே வேண்டாம். காஞ்ச இரும்புலயே வேலை செய்யும்" என்றாள்.

"தண்ணியே வேண்டாமா! அடி ஆத்தீ" என்று நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தத் தண்ணீருக்காக நாங்கள் பட்ட பாடு அவளுக்கும் தெரியும். சுகன்யாவுக்கு எப்படித் தெரியும்? "என்ன சார், சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பாதியிலேயே காப்பி ஆறிவிட்டது. "இதை அப்படியே எழுதிக் குடுங்க சார், புதுசா வர்ற பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்று கேட்டுவிட்டுப் போனாள். எழுதுகிறேன். ஆனால் எனக்கு வளவளவென்று பேசித்தான் பழக்கம். சுருக்கமாக வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

நான் அமராவதிபுதூர்க்காரன். வயக்காட்டுக் குடும்பம். வானம் பொய்த்துப் பொய்த்து அப்பாவுக்கே விவசாயத்தில் வெறுப்பு தட்டிவிட்டது. "நீயாச்சும் மழையை நம்பாத வேலைக்குப் போடா மாணிக்கம்" என்று காரைக்குடியில் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். படிப்பு முடிந்து ரயில்வே வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுவில், தண்டவாளத்தின் உள்காயத்தைக் கண்டுபிடிக்க அல்ட்ராசானிக் பெட்டி என்று ஒன்று வந்தபோது, வடக்கே கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தார்கள். சப்பாத்தியும் இந்தியுமாக அந்த மாதங்கள் ஓடிப்போயின. மழையை நம்பாத வேலை என்று அப்பா அனுப்பினாரே, அந்த வேலைக்கு முதல் தேவையே தண்ணீர்தான் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. விதி யாரை விட்டது?

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் உருட்டிக்கொண்டு போகிற சின்னத் தள்ளுவண்டி. அதன் மேல் பெட்டி, பக்கத்தில் பாட்டரி, பின்னால் தண்ணீர் டின். வண்டிக்கு அடியில் தண்டவாளத்தை உரசிக்கொண்டே வருகிற ஒரு வில்லை உண்டு. அதை நாங்கள் 'மூக்கு' என்போம். மூக்கு உள்ளே அனுப்புகிற ஒலி தண்டவாளத்தின் அடிவரைக்கும் இறங்கி, மோதித் திரும்பி வரும். பெட்டியின் கண்ணாடித் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடும். அதில் இடது ஓரத்தில் ஒரு முள் எழும்பினால் ஒலி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். வலது ஓரத்தில் எழும்புகிற முள், அடியைத் தொட்டுத் திரும்பியது என்று அர்த்தம். நடுவில் எங்கேயாவது முள் எழும்பினால் போச்சு, வழியில் ஏதோ மறிக்கிறது.

மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே முடியளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. அதற்குத்தான் தண்ணீர். டின்னின் குழாயிலிருந்து மூக்குக்கு முன்னால் சொட்டிக்கொண்டே வர வேண்டும். வெயிலில் திரை தெரியாது என்பதால் பெட்டியோடு சேர்த்துத் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்தபடி நடப்பேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஊர் ஊருக்குச் சிறுசுகள், "டேய், தண்டவாளத்தைப் போட்டோ புடிக்கிறாங்கடா" என்று கூடவே ஓடிவரும். வண்டியைத் தள்ளுகிற கருப்பையா சும்மா இருப்பானா? "சிரிங்கடா, உங்களையும் சேத்துத்தான்" என்பான்.

எங்கள் மூன்று பேரில் பெரியவர் ஞானமுத்து சார். இன்ஸ்பெக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இன்ஸ்பெக்டர் என்றால் மீசையும் அதட்டலுமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒல்லியான மனிதர். தலையில் தொப்பி, தோளில் கூஜா. "போ" என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "போவோமா வே" என்பார். கேட் கீப்பர் குடிசை நிழலில் ஒதுங்குவதாக இருந்தாலும் அனுமதி கேட்டுத்தான் உட்காருவார். எனக்கு அப்போது மூக்குக்கு மேலே கோபம். இவ்வளவு சாதுவாக இருந்தால் யார் மதிப்பார்கள் என்று உள்ளுக்குள் எரிச்சலாக வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். 'ஒண்ணுமில்லை' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. அவரிடம் சேர்ந்த புதிதில், துணிக்குள் இருந்தபடி "ஒண்ணுமில்ல சார், போகலாம்" என்று குரல் கொடுத்தேன். வண்டியை நிறுத்தச் சொன்னார். தொப்பியைக் கழற்றிவிட்டு, அவரும் என் துணிக்குள்ளேயே தலையை நுழைத்துவிட்டார். ஒரு போர்வைக்குள் இரண்டு தலை. தேங்காயெண்ணெய் வாசம்.

"திரையில ஒண்ணுமில்லன்னா அதுக்கு ரெண்டு அர்த்தம் வே" என்றார் காதோரமாக. "இரும்புல கோளாறு இல்லங்கது ஒண்ணு. சத்தம் உள்ளயே போகலங்கது இன்னொண்ணு. ஒரு வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டீரு, பதில் வரல. உள்ள ஆளு இல்லியா, இல்ல நீரு கூப்பிட்டதே கேக்கலியா? அந்த வலது முள்ளப் பாரும். அடியத் தொட்டுட்டு வந்துட்டா நீரு சொல்லும், 'அடி இருக்கு'ன்னு. வரலன்னா, 'அடி இல்ல'ன்னு சொல்லும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. கருப்பையா தள்ளுவான், நான் துணிக்குள்ளிருந்து "அடி இருக்கு... அடி இருக்கு..." என்று ராகம் போட்டுக்கொண்டே வருவேன். ராத்திரி தூக்கத்தில்கூட அதையே முணுமுணுக்கிறேன் என்று என் மனைவி அவள் அம்மாவிடம் முறையிட்டிருக்கிறாள்.

இனி தண்ணீர் கதைக்கு வருகிறேன். அறுபதுகள் முடிகிற சமயம், மழை கண்ணிலேயே காட்டாத ஒரு வருஷம். காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் நடுவே சோதனை பண்ணிக்கொண்டிருந்தோம். தூரத்தில் புதுவயல் அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் தெரிந்தன. மதியம் தாண்டியிருக்கும். வண்டி ஒரு கல்லில் ஏறித் தடாலென்று சாய்ந்தது. பெட்டியை நான் தாங்கிப் பிடித்துவிட்டேன். டின் விழுந்து, அடித்தகடு பிளந்து, தண்ணீர் மொத்தமும் ஜல்லிக்குள் போய்விட்டது. பக்கத்தில் கேங்மேன் குடிசைக் கிணற்றை எட்டிப் பார்த்தால் சேறுதான் கிடந்தது. முன்னால் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம்வரை சோதித்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. காரைக்குடியிலிருந்து வருகிற பாசஞ்சர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

தண்டவாளத்துக்கு அங்குட்டு ஒரு ஊருணி தெரிந்தது. கருப்பையாவிடம் வாளியை வாங்கிக்கொண்டு நான் விறுவிறுவென்று இறங்கினேன்.

"யாரது? நில்லுங்க அங்கேயே!"

குரல் கேட்டு நின்றேன். படிக்கட்டில் நாலைந்து பெண்கள். அதில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் காலடியில் ஒரு மண் குடமும் ஒரு பித்தளைக் குடமும் நிறைந்திருந்தன. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, கழுத்தில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தது. அவள் பெயர் முத்தாயி என்று பிறகு தெரிந்தது.

"ரயில்வே" என்றேன் மிடுக்காக.

"ரயில்வேன்னா ரயிலோட இருங்க. செருப்புக் காலோட ஊருணிக்குள்ள வாரீகளே, நல்லாருக்கா? குடிக்கவா தண்ணி?"

"இல்ல, தண்டவாளத்துல ஊத்தணும்."

அவ்வளவுதான். கொல்லென்று சிரித்தார்கள். "ஏடி, தண்டவாளத்துக்குத் தாகம் எடுக்குதாம்டி!" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இது சர்க்கார் வேலை, ஒரு வாளித் தண்ணிக்கு இம்புட்டுப் பேச்சா, பெரிய ஆபீசுக்கு எழுதிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று எகிறினேன்.

முத்தாயி அசையவில்லை. "எழுதிப் போடுங்க. இது குடிதண்ணி ஊருணி. நாங்களே இதுல கால் கழுவுறதில்ல, ஒரு துணி அலசுறதில்ல. இந்த வருசம் கெடக்குற கெடயில இது அடுத்த மழ வரைக்கும் ஊருக்கே வாய் நனைக்கணும். இத மொண்டுபோயி இரும்பு மேல ஊத்துவீகளோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் கோபத்தில் இருப்பவனுக்கு நியாயம் எங்கே காதில் விழும்? நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஞானமுத்து சார் வந்துவிட்டார். கரையிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார்.

"தப்பு எங்க மேலதாம்மா. அவன் தெரியாமப் பேசிட்டான்" என்றார். "குடிக்க மட்டும் ஒரு வாய் குடுங்க."

முத்தாயி முகம் சட்டென்று இளகிவிட்டது. சொம்பில் மொண்டு கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேற எங்க போயி எடுத்தாலும் பாசஞ்சருக்கு முந்தி முடியாது வே. இதுக்கு மேல சோதிக்கலன்னு எழுதிருவோம். காஞ்ச இரும்பு மேல உருட்டிட்டுப் போயி, சோதிச்சோம்னு எழுத வேண்டாம்."

நாங்கள் கரையேறப் போனோம். "ஐயா" என்று கூப்பிட்டாள் முத்தாயி. "சோதிக்கறதுன்னா என்னது?"

தண்டவாளத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் இருக்கலாம், அதைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை, தண்ணீர் இல்லாவிட்டால் இந்தப் பெட்டிக்குத் தெரியாது என்று சார் சொன்னார்.

"அப்ப சாயங்கால வண்டி போகுமா, போகாதா?"

"போகும்மா. தினமும் போற வண்டிதான. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது."

"பெரும்பாலும்னா?"

சார் தொப்பியைக் கழற்றினார். வேறு யாராக இருந்தாலும், 'ஒண்ணுமில்லம்மா, போயி வேலையப் பாரு' என்று சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். அந்த மனிதருக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வராதே. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

முத்தாயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எம் மக அதுலதான் வாரா" என்றாள்.

பக்கத்திலிருந்த அவள் நாத்தனார்தான் விவரம் சொன்னாள். மகள் பாக்கியத்தைக் கண்டரமாணிக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது இப்போது எட்டாம் மாதத்தைத் தாண்டி நிற்கிறது. பேறுகாலத்துக்கு அழைத்து வர அவள் அப்பன் போயிருக்கிறான். இந்தத் தடவை பிள்ளை தங்கி, அவள் தாய் வீடு வந்தால், ஊர் எல்லையில் நிறைகுடத்தோடு எதிரே நின்று அழைக்கிறேன் என்று முத்தாயி குலசாமிக்கு நேர்ந்திருக்கிறாள். பித்தளைக் குடம் அதற்குத்தான்.

"காரைக்குடியில இருந்து பஸ்ஸுல வேணாம், தூக்கித் தூக்கிப் போடும், ரயிலுன்னா தொட்டில் கணக்கா ஆட்டிக் கூட்டியாரும்னு நாந்தான சொல்லிவிட்டேன்" என்றாள் முத்தாயி. யாரிடம் சொல்கிறாள் என்றே தெரியவில்லை. பிறகு எழுந்தாள். மண் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஊருணித் தண்ணிதான் ஊருக்குச் சொந்தம். கொடத்துத் தண்ணி எனக்குச் சொந்தம். அத எது மேல ஊத்துனா என்ன? வாங்க ஐயா."

நாத்தனாரும் மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். பித்தளைக் குடத்தையும் முத்தாயி மறக்காமல் எடுத்து வந்து, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலமரத்து நிழலில் வைத்தாள்.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கருப்பையா வண்டியைத் தள்ள, நான் துணிக்குள் குனிந்திருக்க, முன்னால் பெண்கள் சொம்பில் மொண்டு தண்டவாளத்தின் தலைமேல் நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே நடந்தார்கள். "அபிஷேகம் பண்ணாதீக, கண்ணுல மருந்து விடுறாப்ல விடுங்க" என்று கருப்பையா பதறினான். டின் குழாயில் வருவதைவிட நல்ல ஓட்டம். ஊருணித் தண்ணீர் அவ்வளவு தெளிவு. திரையில் வலது முள் பளிச்சென்று நின்றது.

"அடி இருக்கு... அடி இருக்கு..."

"ஏத்தா, அந்தாளு யாரைத் துணிக்குள்ள இருந்து அடி, அடின்னு கூப்புடுறாரு?" என்றாள் ஒருத்தி.

"என்னையத்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடி என்றால் அடிப்பாகம், அதைத் தொட்டுத் திரும்பினால் இரும்பு நன்றாக இருக்கிறது என்று சார் விளக்கினார். முத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. நான் ஒவ்வொரு தடவை "அடி இருக்கு" என்னும்போதும் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள்.

பாலத்தைத் தாண்டி முதல் இணைப்பு. அந்தக் காலத்தில் தண்டவாளத் துண்டுகளை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பட்டை மூடியிருப்பதால் போல்ட் ஓட்டையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. மூக்கு ஓட்டைக்கு மேலே போகும்போது ஒலி அதில் முட்டி நடுவில் முள் எழும்பும், அடி மறையும். ஓட்டையைத் தாண்டியதும் நடுமுள் போய், அடி திரும்பி வந்துவிட வேண்டும். அங்கே முதல் ஓட்டையைத் தாண்டினோம். அடி வரவில்லை.

"அடி இல்ல சார்."

"தண்ணி?"

நின்று பார்த்தேன். கடைசிக் குடமும் தீர்ந்து, ஈரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாததால் அடி வரவில்லையா, விரிசலால் வரவில்லையா? திரையைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்னொரு தரம் நன்றாக நனைத்துப் பார்த்தால்தான் தெரியும். சார் பெண்களின் குடங்களைப் பார்த்தார். எல்லாம் காலி. கூஜாவைக் குலுக்கினார். அதுவும் காலி. வேலமரத்துப் பக்கம் அவர் கண் போகவே இல்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்கிற முரட்டுத்தனம் எனக்கு உண்டு, ஆனால் எனக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை.

முத்தாயியே போய் எடுத்து வந்தாள். பொட்டு வைத்த குடம். ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். பிறகு குடத்தையே சாய்த்தாள்.

சார் தன் கைக்குட்டையால் தண்டவாளத்தின் தலையை அழுந்தத் துடைத்தார். முத்தாயி ஊற்ற ஊற்ற, மூக்கை நான் முன்னும் பின்னுமாக மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். ஓட்டைக்கு முன்னால் அடி இருக்கு. ஓட்டை மேலே அடி இல்ல. ஓட்டையைத் தாண்டி, அடி இல்ல. இன்னும் தாண்டி, அடி இல்ல. நடுவில் ஒரு குட்டை முள் நடுங்கிக்கொண்டே நின்றது. சாரும் துணிக்குள் தலையை விட்டார். குடம் காலியாகிற வரைக்கும் இருவரும் அதையே பார்த்தோம். இப்போது தண்ணீர் மேல் பழிபோட முடியாது.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் பாசஞ்சரின் ஊதல் கேட்டது.

பட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் விரிசல் கண்ணுக்குத் தெரியும். அதற்கு கேங்மேன்கள் ஸ்பானரோடு வர வேண்டும். அதற்குள் வண்டி வந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் சாருடைய வேலைக்கே உலை. ஒரு பெட்டியின் பச்சைக் கோட்டை நம்பி வண்டியை நிறுத்தினான் என்று மேலிடத்தில் போட்டுத் துவைப்பார்கள். அந்தப் பெட்டியைப் பெரியவர்களே அன்றைக்கு முழுசாக நம்பவில்லை.

"சார்?" என்றேன்.

"அடி இல்லன்னா இல்லதான் வே. நிறுத்துவோம்."

கருப்பையா சிவப்புக் கொடியோடு ஓடின ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எஞ்சின் வருகிற வழியில் ஓடி, எச்சரிக்கைப் பட்டாசுகளைத் தண்டவாளத்தில் வைத்து, கொடியை விரித்துக்கொண்டு நின்றான். பட்டாசு வெடித்தது. கரி எஞ்சின் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கேங்மேன்கள் வந்து போல்ட்டைக் கழற்றினார்கள். பட்டை விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சார் குனிந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஓட்டையைச் சுற்றித் துடைத்தார். உலர்த்தி, சாக்குக் கட்டியை அரைத்துப் பூசினார். காத்திருந்தோம். வெள்ளைக்குள்ளிருந்து, விரிசல் குடித்திருந்த மண்ணெண்ணெயில் கறுப்புக் கோடு ஒன்று மெல்ல மெல்லக் கசிந்து எழுந்தது. ஓட்டையிலிருந்து கிளம்பிப் படுக்கையாக ஓடி, நுனியில் தலையைப் பார்த்து ஏறியிருந்தது. டிரைவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "சாமி" என்றார். நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

முத்தாயியிடம் சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். வண்டி கிளம்ப நேரமாகும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். பின் பெட்டியிலிருந்து ஒரு பெண், அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, ஒவ்வோர் அடியாக வந்துகொண்டிருந்தாள். பெற்றவளோ வேலமரத்துக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, மக வாரா, இங்க வந்து ஒளிஞ்சிருக்கீக?"

"வெறுங்கொடத்தோட புள்ளத்தாச்சி எதுக்க நிக்கச் சொல்றீகளா? ரெண்டு போயிருச்சு எங்களுக்கு" என்றாள். "நேந்ததும் போச்சு."

குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் ஊரில் பிறந்தவன் கேட்க மாட்டான், நிறைகுடம் என்று நேர்ந்தால் நிறைகுடத்தோடுதான் எதிரே போக வேண்டும். ஊருணிக்குத் திரும்பிப் போய் மொண்டு வரவும் நேரமில்லை, பாதையோ மகள் வருகிற பக்கம்தான். மகளைக் காப்பாற்ற ஊற்றிய தண்ணீர், மகள் முகத்தைப் பார்க்கவிடாமல் ஒளிய வைத்துவிட்டது.

எனக்குச் சட்டென்று எஞ்சின் ஞாபகம் வந்தது. அட மடையா, கரி எஞ்சினே தண்ணித் தொட்டிதானே! பித்தளைக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். டிரைவரிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். "எஞ்சின் தண்ணியா? கரியை நனைக்கிற ஓஸ் பைப்புல எடுக்கலாம், ஆனா கொதிக்கக் கொதிக்க வருமேய்யா" என்றார். "வரட்டும்" என்றேன். ஃபயர்மேன் ஓஸைத் திறந்தான். குடம் விளிம்பு தட்ட நிறைந்தது. டிரைவரே தன் தலைப்பாகையைச் சுற்றிக் குடத்தைப் பிடித்து இறக்கி, கூட வந்தார்.

முத்தாயி சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக்கொண்டாள். நானும் டிரைவரும் குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தோம். மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். சார் தொப்பியைக் கழற்றினார். பாக்கியம் கிட்டே வந்தாள். அம்மாவின் தலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது, கொடத்துல ஆவி பறக்குது?"

"சுடுதண்ணிடீ. வந்த களைப்புக்குக் குளிச்சுட்டுப் படு" என்றாள் முத்தாயி. சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டியிருந்த வண்டி மொத்தமும் சிரித்தது.

அடுத்த சுற்றுக்கு அந்தப் பக்கம் போனபோது ஒரு மழைக்காலம் நல்லபடியாக முடிந்திருந்தது. வெயில் ஏறாத காலை நேரம். பாலத்தைத் தாண்டினால் புதுத் தண்டவாளம். வேலமரத்தடியில் முத்தாயியும் பாக்கியமும் நின்றார்கள். யார் சொல்லி, எப்படித் தெரிந்ததோ! பக்கத்தில் தண்ணீர் நிறைந்த மண் குடம் ஒன்று. "இது இரும்புக்கு" என்றாள் முத்தாயி என்னைப் பார்த்து. "உங்க டின்ன நம்ப முடியாது."

பாக்கியத்தின் இடுப்பில் ஒரு பயல் இருந்தான். கொழுகொழுவென்று, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. முத்தாயி அவனை வாங்கி, குடத்தில் கைவிட்டு அவன் பாதத்தை நனைத்து, தண்டவாளத்தின் மேல் ஒரு கணம் நிறுத்திப் பிடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டாள்.

"ஐயா, எங்க பேரனுக்கு அடி இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

ஞானமுத்து சார் கிட்டே வந்து குனிந்தார். பளபளக்கிற இரும்பின் மேல் நடுவிரல் நீளத்துக்கு, ஐந்து விரலோடு ஒரு ஈரப் பாதம். ஓரத்திலிருந்து காய ஆரம்பித்திருந்தது. எழுந்தார். எப்போதும் என்னைச் சொல்ல வைக்கிறவர் அன்றைக்குத் தானே சொன்னார்.

"அடி இருக்கு."